ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்பிட்டிக்குப் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைத்தான் முதலில் கேட்கிறார்கள். எத்தனை நாள் வேண்டும்? எத்தனை பௌத்த மடாலம் பார்க்கலாம்? இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது: எந்த வரிசையில் ஏறப் போகிறோம்? அதை ஒழுங்காக முடிவு செய்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமைந்துவிடும். தவறினால் ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசாவில் தலைவலியோடு அறைக்குள் படுத்திருந்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இமாசலப் பிரதேசத்தின் வடகிழக்கில், திபெத் எல்லையை ஒட்டி இருக்கிறது இந்தப் பள்ளத்தாக்கு. பருவமழை மேகங்களைத் தெற்கே உள்ள மலைத்தொடர்களே தடுத்துவிடுவதால் இங்கே மழை மிகக் குறைவு. பழுப்பும் சாம்பலுமாக மொட்டை மலைகள், அடியில் பல கிளைகளாகப் பிரிந்து ஓடும் ஆறு, ஆற்றோரம் திட்டுத் திட்டாகப் பட்டாணி, பார்லி வயல்கள். ஊர்களும் மடாலங்களும் பெரும்பாலும் 3,300 முதல் 4,600 மீட்டர் உயரத்துக்குள் இருக்கின்றன. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எந்த வழியாகப் போவது

ஸ்பிட்டிக்கு இரண்டு சாலைகள். ஒன்று மணாலியிலிருந்து, குன்சும் கணவாய் வழியாக. தூரம் சுமார் 200 கிலோமீட்டர்தான், ஒரே நாளில் காசா போய்விடலாம் என்று டாக்ஸிக்காரர்கள் சொல்வார்கள். போகவும் முடியும். ஆனால் 2,050 மீட்டரில் தூங்கி எழுந்து, 4,551 மீட்டர் கணவாயைத் தாண்டி, அன்றிரவே 3,650 மீட்டரில் படுப்பீர்கள். உடம்புக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

இன்னொன்று சிம்லாவிலிருந்து சட்லஜ் நதியோரமாகக் கின்னௌர் மாவட்டம் வழியாக வருவது. தூரம் இரட்டிப்பு. ஆனால் உயரம் படிப்படியாகக் கூடும். முதல்முறை போகிறவர்கள் சிம்லா வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்குங்கள். குன்சும் கணவாய் பனியால் மூடியிருந்தால் போன வழியே திரும்புங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கணவாய் பெரும்பாலும் ஜூன் வாக்கில் திறந்து அக்டோபரில் மூடும். ஜூலை, ஆகஸ்டில் ஸ்பிட்டிக்குள் வெயில் அடித்தாலும், அங்கே போய்ச் சேர வேண்டிய கின்னௌர் பக்கமும் மணாலி பக்கமும் மழையில் சரியும். என்னைக் கேட்டால் செப்டம்பர்தான் நல்ல மாதம். அறுவடை நடக்கும், வானம் துல்லியமாக இருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும்.

சென்னையிலிருந்து ரயிலில் டெல்லி, அங்கிருந்து கால்கா, கால்காவிலிருந்து 96 கிலோமீட்டர் மலை ரயிலில் சிம்லா. நேரம் இல்லாதவர்கள் சண்டிகர் வரை விமானத்தில் வந்து பேருந்து பிடிக்கலாம். சிம்லாவிலிருந்து மேலே போக வாடகைக் கார்தான் வேண்டும் என்பதில்லை. இமாசல அரசுப் பேருந்துகள் ரெக்காங் பியோவுக்குப் போகின்றன. அங்கிருந்து காலையில் காசாவுக்கு ஒரு பேருந்து கிளம்பும். குறுகலான சாலை, ஒரு பக்கம் குடைந்த பாறை, மறுபக்கம் அதலபாதாளம். உள்ளூர் ஓட்டுநர்கள் தினமும் ஓட்டும் சாலைதான் அது. அவர்களை நம்பி உட்காரலாம்.

இந்தியர்களுக்கு இந்த வழியில் சிறப்பு அனுமதி தேவையில்லை. ஆதார் போன்ற ஓர் அடையாள அட்டை போதும், சும்தோ சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று வேறு நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் எல்லையோரப் பகுதிக்கான அனுமதிச்சீட்டை சிம்லாவிலோ ரெக்காங் பியோவிலோ முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும்.

எங்கே தூங்குவது

பகலில் எவ்வளவு உயரம் போகிறோம் என்பதைவிட இரவில் எந்த உயரத்தில் தூங்குகிறோம் என்பதுதான் முக்கியம். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள் என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதை வைத்துத்தான் கீழே உள்ள வரிசையைப் போட்டிருக்கிறேன்.

சிம்லாவில் ஓர் இரவு. அடுத்த நாள் ராம்பூர் அல்லது சராஹன். சராஹனில் பீமாகாளி கோயிலின் மரவேலைப்பாட்டைப் பார்க்கவே தங்கலாம். அதன் பிறகு 2,960 மீட்டரில் இருக்கும் கல்பா. எதிரே கின்னர் கைலாசம் நிற்கும், ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே ஊர். இங்கே இரண்டு இரவு இருந்தால் நல்லது.

கல்பாவிலிருந்து கிளம்பும் நாளில்தான் பலர் சறுக்குகிறார்கள். வழியில் 3,660 மீட்டரில் நாகோ வரும். சின்ன ஏரி, 11ஆம் நூற்றாண்டு மடாலம், அழகான கிராமம். அங்கேயே தங்கிவிட ஆசையாக இருக்கும். தங்காதீர்கள். மதிய உணவு சாப்பிட்டு, ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு, 3,280 மீட்டரில் இருக்கும் தாபோவுக்கு இறங்கிவிடுங்கள். பகலில் உயரம் தொட்டு இரவில் கீழே தூங்கும் வசதி இந்தச் சாலையில் இயல்பாகவே அமைந்திருக்கிறது. தாபோவில் இரண்டு இரவு. அப்புறம் காசாவில் மூன்று அல்லது நான்கு இரவு. கடைசியில் சந்திரதால் ஏரி, மணாலி. மொத்தம் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும், அதோடு ஒன்றிரண்டு நாளைக் கையிருப்பாக வையுங்கள். ஒரு வாரம்தான் விடுமுறை என்றால் இந்த ஆண்டு கின்னௌரோடு நிறுத்திக்கொண்டு ஸ்பிட்டியை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளலாம். கின்னௌரும் குறைந்த ஊரில்லை.

உடம்பு சொல்வதைக் கேளுங்கள்

4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். இளவயது, உடற்பயிற்சி, மாரத்தான் ஓடிய அனுபவம் எதுவும் இதிலிருந்து காப்பாற்றாது. நன்றாக ஓடுபவர்கள்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கம் வராமை: இவை வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. தண்ணீர் குடித்து, ஓய்வெடுத்து, அறிகுறிகள் போகும்வரை அதே உயரத்தில் இருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடினால், பேச்சு குழறினால் அது உயிருக்கு ஆபத்து. இரவு இரண்டு மணியாக இருந்தாலும் கீழே இறங்க வேண்டும். காசாவில் அரசு மருத்துவமனை இருக்கிறது, ஆக்சிஜன் கொடுப்பார்கள். ஆனால் ஆக்சிஜன் கொடுப்பது இறங்குவதற்கு மாற்று ஆகாது.

உயரத்தால் வரும் உபாதைக்கான டயமாக்ஸ் மாத்திரையைப் பலர் சாக்லேட் போல வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். ஊரிலேயே மருத்துவரைப் பார்த்து, உங்களுக்கு அது தேவையா, எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். சல்பா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் அதை அவசியம் சொல்ல வேண்டும். இதய நோய், ரத்த அழுத்தம், கர்ப்பம் என்றால் மருத்துவரைக் கேட்காமல் டிக்கெட்டே போடாதீர்கள். மதுவும் தூக்க மாத்திரையும் முதல் சில நாள்களுக்கு வேண்டவே வேண்டாம்.

தாபோ: அவசரப்படாதீர்கள்

தாபோ மடாலம் கி.பி. 996இல் நிறுவப்பட்டது. மேற்குத் திபெத்தின் அரசராக இருந்து துறவியான யேஷே ஓ அதைக் கட்டுவித்தார். 46 ஆண்டுகள் கழித்து அவருடைய வழிவந்த ஜாங்சுப் ஓ புதுப்பித்தார். வெளியிலிருந்து பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மண்ணால் ஆன தாழ்வான கட்டடங்கள், மண் ஸ்தூபிகள், ஒரு மதில். படங்களில் பார்த்த மடாலங்களைப் போல மலை உச்சியில் நிற்காது, சமதரையில் இருக்கிறது. பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு வண்டியேறிப் போகிறவர்களை அங்கே நிறையப் பார்க்கலாம்.

பழைய பெரிய கோயிலுக்குள் போனதும் எதுவும் தெரியாது. கண் பழகும்வரை ஓரமாக நில்லுங்கள். மெல்ல மெல்ல, நான்கு பக்கச் சுவர்களிலும் தலைக்கு மேலே, கிட்டத்தட்ட ஆள் அளவு மண் சிலைகள் ஒவ்வொன்றாகப் புலப்படும். பத்மாசனத்தில், சுவரிலிருந்து வெளியே வந்து மிதப்பதுபோல் அமர்ந்திருக்கும். நடுவே நான்கு திசையும் பார்க்கும் வைரோசன புத்தர். நீங்கள் நிற்கும் கூடமே ஒரு மண்டலம், அதாவது பௌத்தர்கள் தியானத்துக்கு வரையும் புனிதச் சித்திரம். காகிதத்தில் வரையும் மண்டலத்துக்குள் நடந்து போனால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள். படம் எடுக்க அனுமதி இல்லை. கைவிளக்குக்கு அனுமதி உண்டா என்று பொறுப்பில் இருக்கும் துறவியிடம் கேட்டு, ஓவியங்களின் மேல் நேராகப் பாய்ச்சாமல் பாருங்கள்.

சிலைகளுக்குக் கீழே சுவரோவியங்கள். ஒரு பாதியில் புத்தரின் வாழ்க்கை, மறுபாதியில் சுதனன் என்ற இளைஞனின் யாத்திரை. ஞானம் தேடித் தெற்கு நோக்கி நடந்து, ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஆசிரியரைச் சந்திக்கிறான். அந்த ஆசிரியர்களில் திராவிட நாட்டு மேகனும் ஒருவர். யாத்திரையில் அவலோகிதர் என்ற போதிசத்துவர் வாழும் பொதாலக மலையும் வருகிறது. அது நம் பொதிகைதான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடம்தான் என்கிறது வீரசோழியம் என்ற தமிழ் இலக்கண நூல். அதுவும் தாபோ புதுப்பிக்கப்பட்ட அதே 11ஆம் நூற்றாண்டு நூல். திபெத் எல்லையில் ஒரு மண் சுவரில் தென்திசை யாத்திரை வரையப்பட்டிருக்கும்போது, தெற்கிலிருந்து போகிற நாம் அதன் முன்னால் அரைமணி நேரமாவது நிற்க வேண்டாமா?

மாலையில் ஊருக்கு மேலே இருக்கும் குகைகளுக்கு ஏறிப் பாருங்கள். துறவிகள் குளிர்காலத்தில் தங்கிய இடங்கள் அவை. மடாலத்தின் விருந்தினர் இல்லத்திலேயே தங்கலாம், எளிமையான அறைகள். தாபோ வருவதற்கு முன் சாலையிலிருந்து பிரியும் கியூ கிராமத்தில், உட்கார்ந்த நிலையிலேயே பதப்பட்டிருக்கும் 500 ஆண்டு பழைய துறவியின் உடல் இருக்கிறது. 1975 நிலநடுக்கத்துக்குப் பிறகு வெளியே தெரியவந்தது. ஊர்மக்கள் வழிபடும் உடல் அது. அருகில் நின்று செல்ஃபி எடுப்பதைத் தவிருங்கள்.

மடாலத்துக்குள் எப்படி நடந்துகொள்வது

இங்கே மடாலத்தைக் கோம்பா என்பார்கள். வாசலில் செருப்பைக் கழற்றுங்கள். தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் எடுத்துவிடுங்கள். ஸ்தூபி, மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய சுவர், பிரார்த்தனைச் சக்கரம் எதுவானாலும் வலமாகவே சுற்ற வேண்டும், நம் கோயில் பழக்கம்தான். வண்டியில் போகும்போதுகூட உள்ளூர் ஓட்டுநர்கள் ஸ்தூபியைச் சுற்றியே திருப்புவதைக் கவனிப்பீர்கள். உட்காரும்போது கால் சிலைகளையோ துறவிகளையோ நோக்கி நீண்டிருக்கக் கூடாது. சூத்திர நூல்களைத் தரையில் வைக்கக் கூடாது, தாண்டக் கூடாது.

காவல் தெய்வங்களுக்கென்று தனி அறை இருக்கும். அங்கே சில முகங்களைத் துணியால் மூடி வைத்திருப்பார்கள், தொடாதீர்கள். சில இடங்களில் அந்த அறைக்குள் பெண்களை விடுவதில்லை. மனது ஒப்பாவிட்டாலும், அந்த வாசலில் நின்று வாதாடுவது விருந்தாளிக்கு அழகல்ல.

பார்க்கிறவர்களை எல்லாம் "ஜூலே" என்று வணங்குங்கள். குட்டித் துறவிகளின் படம் வேண்டுமென்றால் கேட்டுவிட்டு எடுங்கள், அவர்களுக்கு மிட்டாயும் பணமும் கொடுத்துப் பழக்காதீர்கள். காணிக்கையை உண்டியலில் போடுங்கள்.

தன்கர், கீ, மேலே உள்ள கிராமங்கள்

தாபோவிலிருந்து காசா 47 கிலோமீட்டர். வழியில் தன்கருக்கு ஏறுங்கள். ஸ்பிட்டி ஆறும் 'பின்' என்ற ஆறும் சேரும் இடத்துக்கு மேலே, அரித்துப்போன மண்கோபுரங்களின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய கோம்பா. ஒரு காலத்தில் ஸ்பிட்டியின் தலைநகர். 2006இல் உலகில் அழியும் நிலையில் உள்ள நூறு சின்னங்களில் ஒன்றாக உலக நினைவுச்சின்ன நிதியம் இதைப் பட்டியலிட்டது. தரையே பலவீனம் என்பதால் கூட்டமாக மாடி ஏறாதீர்கள். மேலே உள்ள ஏரிக்கு ஒரு மணி நேர ஏற்றம். மூச்சு வாங்கினால் விட்டுவிடுங்கள். 'பின்' ஆற்றின் பள்ளத்தாக்கு தனியாக ஒரு நாள் கேட்கும், நேரம் இருந்தால் போகலாம்.

காசாதான் கடைவீதி, வங்கி, பெட்ரோல் பங்க் எல்லாம் உள்ள ஊர். முதல் நாள் சும்மா கடைத்தெருவில் நடந்து துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பும் மோமோவும் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரம் படுங்கள்.

மறுநாள் கீ. ஸ்பிட்டியின் மிகப் பெரிய மடாலம், 4,166 மீட்டர். எல்லாரும் எதிர்ப்பக்க வளைவில் நின்று எடுக்கும் படத்தை நீங்களும் எடுங்கள், தப்பில்லை. ஆனால் பகல் பதினொரு மணிக்கு வண்டிகளோடு போய்ச் சேராதீர்கள். காலைப் பூசை எப்போது என்று முந்தைய நாளே விசாரித்து, அதற்கு முன்னால் போய்ச் சுவரோரம் உட்காருங்கள். மடாலத்திலேயே எளிய அறைகள் உண்டு, அங்கே ஓர் இரவு தங்கினால் இன்னும் நல்லது. வரிசையாகத் தாழ்ந்த இருக்கைகள். தைக்காத நீளத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு அடிக்குரலில் ஓதுவார்கள். வளைந்த குச்சியால் முரசு, நடுநடுவே கைத்தாளம். பாதியில் சிறுவர்கள் கெட்டிலோடு ஓடிவந்து ஓதிக்கொண்டிருப்பவர்களின் கிண்ணங்களை நிரப்புவார்கள், உங்களுக்கும் ஊற்றுவார்கள். உப்பும் வெண்ணெயும் போட்ட தேநீர். இனிப்பை எதிர்பார்த்துக் குடித்தால் திடுக்கிடும். சூப் என்று நினைத்துக் குடியுங்கள், பிடித்துப்போகும். கிண்ணம் காலியானால் மறுபடி நிரப்புவார்கள். போதும் என்றால் நிறைந்த கிண்ணத்தை அப்படியே வைத்திருந்து, எழும்போது குடித்துவிடுங்கள். பூசை முடியும்வரை இருங்கள். ஐந்து மடாலங்களின் வாசலைத் தொட்டுவிட்டு வருவதைவிட, ஒன்றில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தால்தான் ஸ்பிட்டியிலிருந்து ஏதாவது உள்ளே இறங்கும். நான் அடித்துச் சொல்வேன்.

அதற்கடுத்த நாள் லாங்சா, ஹிக்கிம், கோமிக். மூன்றும் 4,400 மீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பவை. காசாவிலிருந்து ஷேர் டாக்ஸியில் போய் மாலையில் திரும்பிவிடலாம். ஹிக்கிம் அஞ்சலகம் 1983 முதல் இயங்குகிறது, அங்கிருந்து வீட்டுக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். கோமிக்கில் இருப்பது திபெத்திய பௌத்தத்தின் சாக்யா பிரிவு மடாலம், காற்று அடித்துத் தள்ளும். லாங்சாவில் சுருண்ட சங்கு பதிந்த கற்களைப் பிள்ளைகள் விற்க வருவார்கள். இமயம் எழும்புவதற்கு முன் இங்கே இருந்த டெத்திஸ் கடலின் உயிர்கள் அவை. கண்டகி நதியில் கிடைத்து நம் பூசையறைகளுக்கு வரும் சாளக்கிராமமும் இதே இனம்தான். கையில் வாங்கிப் பாருங்கள், விலைக்கு வாங்காதீர்கள். ஒவ்வொருவரும் ஒன்று எடுத்தால் மலையில் மிஞ்சாது.

கிராமங்களில் ஹோம்ஸ்டேயில் தங்கினால் கழிப்பறை பெரும்பாலும் உலர் வகையாக இருக்கும். தண்ணீர் ஊற்றக் கூடாது, பக்கத்தில் குவித்திருக்கும் மண்ணை அள்ளிப் போட வேண்டும். அது மக்கி வயலுக்கு உரமாகும். ஆகையால் துணி, பிளாஸ்டிக் எதையும் உள்ளே போடாதீர்கள். குளிக்க ஒரு வாளி வெந்நீர் கிடைத்தால் பெரிய விஷயம். அந்தத் தண்ணீர் பனி உருகி வருவது, பனி குறைந்த ஆண்டில் வயலுக்கே பற்றாது.

என்ன எடுத்துப் போவது

ரொக்கம் நிறைய. காசாவில் ஏடிஎம் இருந்தாலும் எப்போதும் பணம் இருக்கும் என்று நம்ப முடியாது. மேலே கிராமங்களில் சிக்னல் இல்லாவிட்டால் யூபிஐயும் இல்லை. லடாக்கைப் போல வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாத சிக்கல் இங்கே கிடையாது. ஒரே தடிமனான கோட்டுக்குப் பதில் நான்கைந்து அடுக்காக உடை, காதை மூடும் குல்லா, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்கிரீன், உதட்டுக்கு வாசலின். தண்ணீர் பாட்டிலைக் கொண்டுபோய் ஹோம்ஸ்டேயில் கொதிக்கவைத்த நீரை நிரப்பிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் குப்பையை ஊருக்கே திருப்பி எடுத்து வாருங்கள், அங்கே அதைக் கொட்ட இடமில்லை.

இறங்கும் வழி

ஒரு வாரம் உயரத்தில் இருந்த பிறகுதான் சந்திரதால். சுமார் 4,300 மீட்டர், கூடாரங்கள் ஏரியிலிருந்து தள்ளித்தான் இருக்கும், செப்டம்பரிலும் இரவு உறையும். ஏரியில் இறங்காதீர்கள், நீர் அவ்வளவு குளிர். அங்கிருந்து பாதால் வழியாக கிராம்பு என்ற சாலைச் சந்திப்பு வரை சாலை என்பது பெரும்பாலும் கற்படுகைதான். குறுக்கே ஓடும் ஓடைகளில் பனி உருக உருகப் பிற்பகலில் நீர் ஏறும். காலை ஆறு மணிக்கே கிளம்பிவிட்டால் முழங்கால் அளவு நீரில் கடக்கலாம், இரண்டு மணிக்கு வந்தால் வண்டி நடுவில் நிற்கும். 2023 ஜூலையில் திடீர்ப் பனிப்பொழிவில் சந்திரதாலில் சுமார் 300 பேர் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். அதனால் காசாவிலேயே சாலை நிலவரம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள், மணாலிக்கு அடுத்த நாளே திரும்பும் விமானமோ ரயிலோ வைக்காதீர்கள். கிராம்பு தாண்டி அடல் சுரங்கப்பாதையைப் பிடித்துவிட்டால் மணாலி பக்கம்தான்.